டாக்டர் ஆகணும்னா கணக்கை விடணுமா?



போன மாதம் எங்கள் வகுப்பில் டீச்சர், "நீங்கள்லாம் என்ன ஆகப் போறீங்க?" என்று கேட்டார். பாதி வகுப்பு எழுந்து நின்று "டாக்டர்" என்றோம். அதில் நானும் ஒருத்தி. "சரி, டாக்டர் ஆக பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் எடுக்கணும்?" என்று அடுத்த கேள்வி வந்தது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம்தான் இதை எழுத வைத்தது. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை என் கருத்தோடு எழுதுகிறேன்.

அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்றால் முதலில் கல்லூரியில் நான்கு வருடம் படித்து ஒரு பட்டம் வாங்க வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அங்கே இருப்பவர்களுக்கு யோசிக்க இருபது வயதுக்கு மேலும் நேரம் இருக்கிறது. நமக்கு அப்படி இல்லை. பிளஸ் டூ முடித்ததுமே எம்.பி.பி.எஸ். அதனால் பத்தாவது ரிசல்ட் வந்ததும், 15 வயதில், அப்ளிகேஷன் பாரத்தில் டிக் அடிக்கும்போதே பாதி முடிவாகி விடுகிறது.

டாக்டருக்குப் போக நினைப்பவர்களுக்கு இரண்டு குரூப் உண்டு. ஒன்று இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு. இன்னொன்று இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். இதைத்தான் பியூர் சயின்ஸ் என்கிறார்கள். இதில் கணக்கு கிடையாது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. பத்தாவதில் கணக்கில் நல்ல மார்க். ஆனால் வீட்டில் எல்லோரும், "பியூர் சயின்ஸ்தான் டாக்டர் குரூப், பொண்ணுக்குக் கணக்கு எதுக்கு?" என்று சொல்லி அதிலேயே சேர்த்துவிட்டார்கள். அக்கா இரண்டு முறை நீட் எழுதினார். சீட் கிடைக்கவில்லை. இடையில் ஒரு வருடம் வீட்டில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டே படித்தார். பிறகு இன்ஜினியரிங்காவது போகலாம் என்று விசாரித்தால், கணக்கு படிக்கவில்லையே என்றார்கள். நர்சிங்குக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் கேட்டால், அந்த வருடம் தேதி முடிந்துவிட்டது. இப்போது பஸ்ஸில் போய் பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிறார். நன்றாகத்தான் படிக்கிறார். ஆனால் என்னிடம் ஒன்று சொன்னார்: "சீட் கிடைக்கலன்னு கூட எனக்கு வருத்தமில்ல பாப்பா. வேற வழி இருக்குன்னு அப்பவே ஒருத்தரும் சொல்லலையே, அதுதான் வருத்தம்."

என் கருத்து இதுதான். டாக்டர் ஆகணும் என்று ஆசைப்படுவோம். ஆனால் கணக்கு ஓரளவு வருகிறவர்கள் கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப்பையே எடுக்கணும். கணக்கை விட்டால்தான் டாக்டர் ஆகலாம் என்பது தப்பு.

ஏன் என்று சொல்கிறேன். நீட் தேர்வில் மொத்தம் 180 கேள்வி, 720 மார்க். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. தாவரவியல், விலங்கியல் இரண்டும் அந்த உயிரியலுக்குள்ளேதான் வருகின்றன. கணக்கு குரூப்பில் படிக்கிற உயிரியலிலும் இந்த இரண்டு பகுதியும் உண்டு. அதனால் பியூர் சயின்ஸ் எடுத்தவர்களுக்கு மட்டும் தனிக் கதவு எதுவும் இல்லை. இயற்பியல் கணக்குப் போட கணக்குப் பாடம் உதவியும் செய்யும்.

இன்னொன்று, சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. முன்பு நம் மாநிலத்தில் தனியாக நுழைவுத் தேர்வு இருந்தது. 2006ல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். பிளஸ் டூ மார்க்கிலேயே சீட் கொடுத்தார்கள். 2017லிருந்து நீட். நீட் வேண்டுமா வேண்டாமா என்று பெரியவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அது அவர்கள் முடிவு செய்யட்டும். நாம் ஒரே கதவை நம்பி நிற்கக் கூடாது. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., கால்நடை மருத்துவம், வேளாண்மை இதற்கெல்லாம் பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்க்கிறார்கள். நீட் எழுதுகிற அதே வருடம் இவற்றுக்கும் விண்ணப்பம் போட்டு வைக்க வேண்டும். கணக்கும் இருந்தால் பி.இ.க்கும் போடலாம்.

"கணக்கு கஷ்டம், அந்த நேரத்தில் உயிரியல் படிக்கலாமே" என்று என் தோழி கேட்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். உண்மையிலேயே கணக்கு வராதவர்கள் பியூர் சயின்ஸ் எடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் அது நம் முடிவாக இருக்கட்டும். பொம்பளைப் பிள்ளை என்பதற்காக யாரும் கணக்கைப் பிடுங்க வேண்டாம்.

நம் ஊர் எல்லையில் இருப்பதால் இதையும் சொல்லணும். நகரியில் இருக்கிற எங்கள் அத்தை, "இங்க வந்து இன்டர் பைபிசி தீஸ்கோம்மா" என்று கூப்பிடுகிறார். பாசத்தில் கூப்பிடுகிறார். ஆனால் தமிழ்நாட்டில் 2020லிருந்து மருத்துவ சீட்டில் 7.5 சதவீதம் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தனியாக உண்டு. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2021லிருந்து இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவத்துக்கும் இது உண்டு. இரண்டு வருடம் அந்தப் பக்கம் போனால் இது போய்விடும். அத்தைக்கு இதைச் சொன்னேன், புரிந்துகொண்டார்.

திருத்தணியில் 1888ல் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தத்துவப் பாடம் எடுத்தது எப்படித் தெரியுமா? சொந்தக்கார அண்ணன் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் சும்மா கிடைத்தன. வசதி இல்லாததால் அதையே எடுத்துக்கொண்டார். நமக்குப் புத்தகத்தை அரசே தருகிறது. அதனால் கிடைத்ததை எடுக்காமல் யோசித்து எடுக்கலாம்.

சிதம்பரத்தில் 1952ல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் மருத்துவத்துக்குப் போகாமல் பி.எஸ்சி. இயற்பியல் படித்தார். அமெரிக்கா போய் அதிலேயே டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு, மறுபடியும் மாணவராக உட்கார்ந்து உயிரியல் படித்தார். உடம்பின் செல்லுக்குள் புரதம் செய்கிற ரைபோசோமை ஆராய்ந்து 2009ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்ள அந்த ஆராய்ச்சி உதவுகிறது. ஸ்டெதஸ்கோப் மாட்டாமலும் நோயாளிக்கு உதவலாம். இதை எங்கள் தெரு அக்காவிடம் சொன்னேன். சிரித்தார். அடுத்து எம்.எஸ்சி. படிக்கப் போகிறாராம்.

தணிகை மலைக்கு 365 படி. என் பாட்டிக்கு முழங்கால் வலி, அதனால் மலைப் பாதையில் வண்டியில் போவார். நாங்கள் படியேறிப் போவோம். மேலே இருக்கிற முருகன் ஒருவர்தான்.

தோழிகளே, அடுத்த வருடம் நாம் பத்தாவது. குரூப் பாரத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் டீச்சரிடம் கேளுங்கள், படித்த அக்காக்களிடம் கேளுங்கள், அப்பா அம்மாவை உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். நானும் அதைத்தான் செய்யப் போகிறேன்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஆர்.கே.பேட்டை