அம்மாவின் வளையலும் மகனின் லேப்டாப்பும்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடை. ஒரு தாயும் மகனும் உள்ளே வந்தார்கள்.

பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். கல்லூரியில் விஸ்காம் படிக்கிறான். வீடியோ எடிட்டிங் செய்ய அவனுக்கு ஒரு லேப்டாப் வேண்டும்.

தாயாரின் கையில் இருந்தது ரூ.50 ஆயிரம். கடைக்காரர் எடுத்துக் காட்டிய லேப்டாப்பின் விலையோ ரூ.92 ஆயிரம்!

"எடிட்டிங் என்றால் இதுதான் அம்மா. இதற்குக் கீழே வாங்கினால் படம் நின்று நின்றுதான் ஓடும்" என்றார் கடைக்காரர்.

பையன் தாயின் முகத்தைப் பார்த்தான். அந்த அம்மாள் தன் கையில் கிடந்த வளையலைத் தொட்டுப் பார்த்துக் கொண்டார்.

"நாளைக்கு வருகிறோம் தம்பி" என்று சொல்லிவிட்டு, மகனை அழைத்துக் கொண்டு போய்விட்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று எழுதுகிறேன்.

அம்மா! வளையலை அடகு வைக்க வேண்டாம். மாணவனுக்கு வேண்டிய எடிட்டிங் வேலையை ரூ.92 ஆயிரம் இல்லாமலே செய்ய முடியும்.

லேப்டாப் ஏன் திணறுகிறது?

வீடியோ என்பது வேகமாக ஓடும் போட்டோக்களே. ஒரு வினாடிக்கு 25 அல்லது 30 போட்டோக்கள்.

"முழு எச்.டி." என்றால் குறுக்கே 1,920 புள்ளிகள், உயரத்தில் 1,080 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள். ஒரு போட்டோவுக்கு 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள் வரும்!

இத்தனையையும் அப்படியே வைத்தால் செல்போன் சீக்கிரமே நிறைந்து விடும். ஆகவே செல்போன் ஒரு தந்திரம் செய்கிறது. ஒரு போட்டோவை முழுதாக வைக்கிறது. அடுத்த போட்டோக்களில் எது மாறியதோ அதை மட்டும் குறித்துக் கொள்கிறது.

மளிகைக் கடைப் பற்றுக் கணக்கு போல! பழைய பாக்கியை ஒரு தடவை எழுதுவார்கள். பிறகு அன்றன்று வாங்கியதை மட்டும் எழுதுவார்கள். 20-ந் தேதி பாக்கி எவ்வளவு என்று கேட்டால், முதலில் இருந்து கூட்டித்தான் சொல்ல வேண்டும்.

எடிட் செய்கிறவன் படத்தின் நடுவில் நூறு இடத்தில் நிறுத்துவான், வெட்டுவான், முன்னும் பின்னும் ஓட்டுவான். ஒவ்வொரு தடவையும் லேப்டாப் அந்தக் கணக்கைக் கூட்ட வேண்டும். படம் நிற்பதற்கு இதுதான் காரணம்.

2011-ம் ஆண்டில் இருந்து இன்டெல் பிராசசர்கள் பலவற்றில், இந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே ஒரு தனிப் பகுதி வந்து விட்டது. ஆகவே எச்.டி. படத்தை வெட்டி ஒட்டும் மாணவனுக்கு, விலை கூடிய தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் அல்ல.

நாலு விஷயம் பாருங்கள்

முதலாவது, ரேம். இது தையல்காரரின் மேஜை போல. மேஜை பெரிதாக இருந்தால் துணியைத் தாராளமாக விரிக்கலாம். எடிட்டிங்குக்கு 16 ஜி.பி. வேண்டும். பணம் போதவில்லையா? 8 ஜி.பி. உள்ளதை வாங்கலாம். ஆனால் பிறகு கூட்டிக் கொள்ள உள்ளே இடம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சில லேப்டாப்களில் ரேமைப் பலகையோடு பற்ற வைத்து விடுகிறார்கள். அதை ஒருநாளும் கூட்ட முடியாது. 2025-ம் ஆண்டின் கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. ஆகவே அந்தக் காலி இடம் பெரிய சொத்து! விலை இறங்கும்போது வாங்கிப் போட்டுக் கொள்ளலாம்.

இரண்டாவது, எஸ்.எஸ்.டி. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் வினாடிக்குச் சுமார் 100 முதல் 150 எம்.பி. வரை படிக்கும். சாதாரண எஸ்.எஸ்.டி.யே சுமார் 500 எம்.பி. படிக்கும். 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருந்தால் மாணவனுக்குப் போதும்.

மூன்றாவது, பிராசசர். "ஐ-7" என்ற சீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பழைய ஐ-7ஐ விடப் புதிய ஐ-5 வேகமாக ஓடுவது உண்டு. அது எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். பெயரின் கடைசியில் "எச்" என்ற எழுத்து இருந்தால் கடும் உழைப்புக்கு ஆனது. "யூ" என்று இருந்தால் பேட்டரியைச் சிக்கனம் செய்வது.

நான்காவது, திரை. சில லேப்டாப்களில் இன்னும் 1,366 புள்ளி அகலத் திரைதான் இருக்கிறது. முழு எச்.டி. படத்தை அதில் முழு அளவில் பார்க்க முடியாது. 1,920 புள்ளி அகலம் இருக்கட்டும்.

பழசு வாங்கலாமா?

வாங்கலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பெரிய கம்பெனிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லேப்டாப்களை மாற்றுகின்றன. கழித்துக் கட்டியவை சந்தைக்கு வருகின்றன. அவற்றில் உறுதியானவை பல உண்டு. ரேம் கூட்ட இடம் உள்ளவையும் உண்டு.

ஆனால் ஓர் எச்சரிக்கை! விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு உதவி, 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்து விட்டது. ஆகவே விண்டோஸ் 11 ஓடும் லேப்டாப்பையே வாங்க வேண்டும். இன்டெல் என்றால் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது.

பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். எல்லா எழுத்தையும் தட்டிப் பாருங்கள். ரசீதும் உத்தரவாதமும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒரு சோதனை. உங்கள் செல்போனில் எடுத்த வீடியோவைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டு போங்கள். கடையிலேயே அதை ஓட்டி, நாலு இடத்தில் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரரின் வாக்கை விட உங்கள் கண் சொல்வது பெரிது.

ஒரு சுலப வழி

அப்படியும் படம் நின்று நின்று ஓடினால்?

அதற்கும் வழி இருக்கிறது. "பிராக்சி" என்று பெயர். பெரிய வீடியோவுக்குப் பதிலாக, அதன் சிறிய நகலை லேப்டாப்பே தயார் செய்து கொள்ளும். மாணவன் நகலில் வெட்டி ஒட்டுவான். கடைசியில் படத்தை வெளியே எடுக்கும்போது, அசல் வீடியோ அந்த இடத்தில் வந்து உட்காரும். படத்தின் தரம் குறையாது.

சாப்ட்வேருக்கும் பணம் தேவை இல்லை. "டாவின்சி ரிசால்வ்" இலவசமாகவே கிடைக்கிறது. "கேடென்லைவ்", "ஷாட்கட்" இரண்டும் இலவசம். திருட்டு சாப்ட்வேரை ஏற்றி, வைரஸை வீட்டுக்கு அழைத்து வர வேண்டாம்.

மிச்சப் பணத்தில் என்ன வாங்குவது?

ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். செல்போனில் எடுக்கும் எச்.டி. வீடியோ, நிமிடத்துக்கு 130 எம்.பி. வரை பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு 8 ஜி.பி. அளவுக்கு வரும். எடுத்ததை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். லேப்டாப் கெட்டால் வேறு வாங்கலாம். பாட்டியின் பேச்சைப் படம் பிடித்தது அழிந்து போனால் எங்கே வாங்குவது?

இன்னும் பணம் இருந்தால் ஒரு நல்ல மைக் வாங்குங்கள். படம் கொஞ்சம் மங்கினால் ஜனங்கள் பொறுப்பார்கள். பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

"நாலு வருஷம் உழைக்க வேண்டாமா?"

சிலர் இப்படிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

4 கே வீடியோவில் எச்.டி.யைப் போல நாலு மடங்கு புள்ளிகள் உண்டு. தினமும் 4 கே வேலை, முப்பரிமாணப் படம், கனமான வண்ண வேலை செய்கிறவர்களுக்கு கிராபிக்ஸ் கார்டு உள்ள விலை கூடிய லேப்டாப் வேண்டும். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் முதல் வருஷ மாணவன் என்ன செய்வான்? ஐந்து நிமிடக் குறும்படம் எடுப்பான். அதற்குக் கடன் எதற்கு? தொழில் பிடிபட்டு, கல்யாண வீடியோ எடிட் செய்து நாலு காசு பார்க்கட்டும். அந்தக் காசில் பெரிய லேப்டாப் வாங்கட்டும். வட்டிக் கடைக்காரரிடம் வாங்கியதை விட அது இனிக்கும்.

கருவி பெரிதா? கை பெரிதா?

"பாரசைட்" என்ற கொரியப் படம் 2019-ல் வந்தது. 2020-ல் சிறந்த படம் உள்பட 4 ஆஸ்கார் பரிசுகளை வாங்கியது. எடிட்டிங் பரிசுக்கும் அதன் பெயர் போட்டியில் இருந்தது. அந்தப் படத்தை எடிட் செய்தது எதில் தெரியுமா? 2009-ல் வெளியான பழைய சாப்ட்வேரில்!

நம் ஊரிலேயே பாருங்கள். 1961-ல் "பாசமலர்" எடுத்த பீம்சிங், சினிமாவில் உதவி எடிட்டராகத் தொடங்கியவர். அந்தக் காலத்தில் பிலிமைக் கையால் வெட்டி, கையால் ஒட்டினார்கள். ஜனங்கள் அழுதது எந்த மெஷினைப் பார்த்து? எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலையைப் பார்த்துத்தான்.

எங்கே வெட்டுவது என்ற அறிவு ரூ.92 ஆயிரம் லேப்டாப்போடு சேர்ந்து வராது. நூறு தடவை வெட்டிப் பார்த்தால்தான் வரும்.

தம்பி! பக்கத்து பெஞ்சுப் பையனிடம் இருக்கிறது என்பதற்காக உன் தாயாரிடம் கேட்காதே. உன் வேலைக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் கேள்.

அம்மா! பிள்ளையின் ஆசையை மறுக்க வேண்டாம். ரூ.50 ஆயிரத்தை எடுத்துக் கொண்டு, இன்னும் நாலு கடை ஏறி இறங்குங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் இப்போது உங்களுக்குத் தெரியும்.

வளையல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்!