செம்போடு பிறந்த நஞ்சு

பூமி தன் செல்வத்தைத் தனித்தனியே பொதி செய்து வைத்திருப்பதில்லை. செம்பை நாடித் தோண்டுபவனின் கையில் செம்போடு வேறு பலவும் வந்து சேர்கின்றன. விலை போவது அவனுக்கு இலாபம். விலை போகாதது யாருக்கு? இதுவே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

எனார்ஜைற் என்பது ஒரு செம்புக் கந்தகக் கனிப்பொருள். 1850ஆம் ஆண்டில், பெரு நாட்டு மொரோகோச்சாவில் கிடைத்த கல்லைக் கொண்டு அதற்கு இப்பெயர் இடப்பட்டது. அதன் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 48 பங்கு செம்பு; 33 பங்கு கந்தகம்; மீதி 19 பங்கு ஆசனிக்கு என்னும் கொடிய நஞ்சு.

நிலத்தின் ஆழத்தில் பாறைக் குழம்பு ஆறும்போது, உலோகங்களைக் கரைத்துச் சுமந்த வெந்நீர் வெடிப்புகளின் வழியே மேலேறுகிறது. சூடும் இரசாயனத் தன்மையும் மாறமாற ஒவ்வொரு கனிப்பொருளாகப் படிகிறது. மொரோகோச்சாவிலும் செரோ டி பாஸ்கோவிலும் எனார்ஜைற் நிறைந்த செம்புத் தாதும், ஈயமும் நாகமும் வெள்ளியும் கொண்ட தாதும் ஒரே நிலத்தில் அடுத்தடுத்துக் கிடப்பது இதனாலேயே.

கல்லை அரைத்து நுரையில் மிதக்கவிட்டு, செம்புத் தாதையும் ஈயத் தாதையும் பெருமளவு வேறாக்கலாம். ஆனால் எனார்ஜைற்றில் உள்ள ஆசனிக்கை அவ்வாறு அகற்ற முடியாது. அது செம்போடு ஒரே பளிங்கிற் பிணைந்துள்ளது. உலையில் இட்டால் பிரியும். பிரிந்தது புகையாய் எழும்.

அப்புகை எங்கே போயிற்று? 1922ஆம் ஆண்டில், ஏறத்தாழ 3,750 மீற்றர் உயரத்திலுள்ள லா ஒரோயாவில், மண்டாரோ ஆற்றங்கரையில், ஓர் அமெரிக்கக் கம்பனி உருக்காலையைத் திறந்தது. சில ஆண்டுகளுக்குள் சுற்றிலுமிருந்த மேய்ச்சல் நிலங்கள் கருகின, ஆடுமாடுகள் மடிந்தன. குடியானவர்கள் முறையிட்டனர். கம்பனி பாழாய்ப்போன நிலங்களை வாங்கியது. பின்னர் புகையைக் கட்டுப்படுத்தி, அதே நிலங்களில் பெரும் கால்நடைப் பண்ணை நடத்தியது! நிலத்தைக் கெடுத்தவனே நிலத்துக்கு உடையவனானான்.

1974இல் ஆலை அரசுடைமையாயிற்று. 1997இல் மீண்டும் தனியார் கைக்குப் போயிற்று. கைகள் மாறின, நஞ்சு மாறவில்லை. அங்குள்ள குழந்தைகளின் இரத்தத்திலும் ஈயம் ஏறியது. 2023 நவம்பரிலேதான் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம், மக்களின் உயிரையும் உடல்நலத்தையும் காக்கத் தவறியமைக்குப் பெரு அரசே பொறுப்பு எனத் தீர்த்தது. நீதி வந்து சேர நூறாண்டுக்கு மேல் சென்றது.

ஆசனிக்கு மிகுந்த தாதை விற்க வருபவனிடம் உருக்காலைகள் விலையிற் கழித்துக்கொள்கின்றன. வணிகன் தன் நட்டத்தைக் கணக்கிடத் தவறுவதில்லை. உழவனின் நட்டத்தைக் கணக்கிட ஏடு ஏது?

நம் நாட்டிலும், திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலப் பகுதியில் 1971ஆம் ஆண்டு செம்பும் காந்த இரும்புத் தாதும் கலந்த படிவு கண்டறியப்பட்டது. அங்குள்ள முதன்மைச் செம்புக் கனிப்பொருள் கல்கோபைரைற். அது செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, எனார்ஜைற் அன்று. ஆகவே லா ஒரோயாவின் கதை அங்கும் நிகழும் என்று நாம் அச்சுறுத்தவில்லை. ஆயினும் கந்தகக் கற்கள் பலவும், காற்றும் நீரும் பட்டால் அமிலம் சுரக்கக் கூடியவையே. அவ்வமிலம் முதலில் இறங்குவது தாழ்ந்து கிடக்கும் வயலில்.

எனவே எங்கு சுரங்கம் தோண்ட முற்பட்டாலும், மண்வெட்டி விழுமுன்னரே, தாதில் உள்ளவை யாவை என்ற பகுப்பாய்வு முழுவதும் மக்களின் மொழியில் அவர்கள் கைக்கு வரவேண்டும். நிலத்தையும் நீரையும் மீட்பதற்கான பணம் முற்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும். செம்பை எடுப்பவன் நஞ்சுக்கும் பொறுப்பேற்க வேண்டும். அறிவியல் கற்ற நம் இளைஞர் அப்பகுப்பாய்வை உழவனுக்கு விளக்கும் கடமையை ஏற்பாராக. கல்லில் ஒன்றாய்க் கிடந்தவற்றைக் கணக்கில் மட்டும் பிரிப்பது நீதியாகாது.