உப்பைத் தின்ற பாசி

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கணும் என்பார்கள். தூத்துக்குடி உப்பளங்களில் வாழும் துனாலியெல்லா பாசி நல்ல தண்ணீருக்கு எங்கே போகும்? அது கிளிசரால் தயாரித்து, செல்லுக்குள் நீரைத் தக்கவைக்கிறது. கிளிசராலுக்குக் கார்பன் வேண்டும். அதனால் உப்பு ஏறினால் பல பயிர்களில் ஒளிச்சேர்க்கை சரியும்போது, இதில் கார்பனைப் பிடிக்க உதவும் ரூபிஸ்கோ, கார்பானிக் அன்ஹைட்ரேஸ் புரதங்கள் கூடுகின்றன. 1996, 2004ல் வந்த ஆய்வுகள் இதைக் காட்டின.

"அதன் மரபணு ஒன்றை நெல்லில் வைத்தால் போதுமே" என்கிறார்கள் சிலர். எனக்கு நம்பிக்கையில்லை. பாசியிடம் இருப்பது ஒரு மரபணு வித்தை அல்ல, மொத்த ஏற்பாடு.

ஆவடிக்கு வடகிழக்கே மீஞ்சூரில் வயலுக்கும் சென்னைக்கும் நிலத்தடி நீரை அளவுமீறி உறிஞ்சியதால்தான் கடல்நீர் உள்ளே புகுந்தது. நாளைய உப்பு நெல்லை நம்பி இன்றைக்கு மோட்டார் போடாதீர்கள். உறிஞ்சுவதைக் குறைப்பதே முதல் வைத்தியம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?