பாஸ்வேர்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போங்க

பொங்கலுக்கு ஊருக்கு வருகிற பிள்ளைகளின் பையில் முன்பெல்லாம் வேட்டி சேலை இருக்கும். கொஞ்சம் வசதி வந்ததும் மிக்ஸி, இண்டக்ஷன் அடுப்பு என்று மாறியது. இப்போது கேமரா. தலையை அப்படியும் இப்படியும் திருப்புகிற உள்ளங்கை அளவு வைஃபை கேமரா. கூடவே ஒரு வைஃபை பல்பு, பேசினால் பாட்டுப் போடுகிற ஒரு டப்பா. மாட்டுப் பொங்கலன்று அப்பா மாடு கழுவிக்கொண்டிருக்கும்போது மகன் ஏணி போட்டு ஆசாரத்தில் கேமராவை மாட்டுவார். காணும் பொங்கலுக்கு மறுநாள் கார் கிளம்பிவிடும். மாசி பிறப்பதற்குள் பெங்களூரில் இருக்கிற அவருடைய போனில் அந்தக் கேமரா 'ஆஃப்லைன்' என்று காட்டும். அதுக்கப்புறம் ஆரம்பிக்கும் கூத்து.

கிண்டலுக்காக இதை எழுதவில்லை. எங்கள் கொங்கு பக்கம் ஊருக்குள் குடியிருப்பவர்கள் பாதி என்றால், தோட்டத்திலேயே சாளை கட்டிக்கொண்டு இருப்பவர்கள் மீதி. அடுத்த வீடு கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்காது. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025-ல் சிவகிரி பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதியைக் கொன்றார்கள். வெளியூரில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் அதற்குப் பிறகு யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. கேமரா மாட்டுகிற அவசரம் எனக்குப் புரிகிறது. நின்றுபோன கேமராவை ஓடுகிறது என்று நம்பி நாலு பேர் நிம்மதியாக இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நின்ற பிறகு நடக்கிற போன் பேச்சு எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான்.

"அம்மா, அந்த வெள்ளை டப்பாவுல என்ன லைட் எரியுது?"

"எரியுது கண்ணு."

"எத்தனைம்மா?"

"நாலஞ்சு மினுக்கு மினுக்குங்குது."

"சிவப்பு இருக்கா பாரு."

"இரு, அப்பா வரட்டும்."

அப்பா மடை திருப்பப் போயிருப்பார். வர ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் மகனுக்கு மீட்டிங். ராத்திரி மறுபடியும் கூப்பிட்டு, "ஒரு லைட்டப் பார்த்துச் சொல்லத் தெரியலையா?" என்று சத்தம் போடுவார். மோட்டார் சத்தத்தை வைத்தே கிணற்றில் தண்ணி எவ்வளவு இருக்கிறது என்று சொல்லுகிற அம்மா, ஒரு விளக்கின் நிறம் சொல்லத் தெரியாதவராகிவிடுவார்.

தெரியாதது அம்மாவின் குறை என்று எனக்குப் படவில்லை. சொல்லிக் கொடுக்காமல் போனதுதான் குறை. அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்களோ அவர்கள்தான் அந்தச் சாமான்களுக்குச் சொந்தக்காரர்களாக இருக்கவேண்டும். கணக்கு, பாஸ்வேர்டு, அணைக்கிற சுவிட்ச் மூன்றும் அவர்கள் கையில் இருக்கணும். அது இல்லாமல் மாட்டுகிற கேமராவுக்கு ஆயுசு ஒரு மாசம்தான்.

அந்த விளக்கு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஃபைபர் லைன் வருகிற டப்பாவில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு ஒன்று இருக்கும். அது சிவப்பாக மின்னினால், கண்ணாடி இழை வழியாக வரவேண்டிய வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். வீட்டுக்குள் என்ன செய்தாலும் சரியாகாது, கோளாறு வெளியே. எங்கள் ஊரில் அந்த வெளி என்பது பெரிய வெளி. கம்பத்திலிருந்து தென்னை மரம், அங்கிருந்து புளியமரம், அப்புறம் வீட்டு ஓட்டு விளிம்பு என்று தொங்கிக்கொண்டு வருகிற ஒரு கறுப்பு ஒயர். தென்னமட்டை ஒன்று விழுந்தால் போச்சு. கரும்பு லோடு டிராக்டர் கொஞ்சம் உயரமாகப் போனால் இழுத்துக்கொண்டு போய்விடும். அணில் கடிக்கும். குழாய் பதிக்கக் குழி தோண்டினால் பூமிக்குள் போகிற லைனும் போகும். ஒன்றுமே நடக்காவிட்டாலும், ஒயர் அசிங்கமாகத் தொங்குகிறது என்று யாராவது அதை ஆணியில் இறுக்கிச் சுற்றி வைப்பார்கள். காப்பர் ஒயரை எப்படி மடித்தாலும் கரண்ட் போகும். கண்ணாடி இழையைக் கூர்மையாக மடித்தால் வெளிச்சம் வளைவிலேயே கசிந்துவிடும்.

இதைச் சரிசெய்ய வருகிறவர் எங்கள் பகுதிக் கேபிள்காரரிடம் வேலை பார்க்கிற ஒரு பையன். ஒரு பைக், பையில் இழை ஒட்டுகிற மெஷின், சுற்றி உள்ள ஏழெட்டு ஊர் அவன் பொறுப்பு. காற்றடித்த மறுநாள் அவன் சோறு தின்ன நேரமிருக்காது. நகரத்திலிருந்து அவனுக்குப் போன் போட்டு, "பணம் கட்டுறேன்ல, ஏன் வரல?" என்று கத்துவதால் ஒன்றும் வேகமாக நடக்காது. அவனுடைய நம்பர் அப்பாவிடம் இருக்கிறதா, வந்தால் ஒரு டீ கிடைக்கிறதா, இதுதான் வேலையை நடத்தும்.

லைன் அறுந்து கிடக்கும்போது டப்பாவின் பின்னால் இருக்கிற சின்ன ஓட்டையில் ஊக்கைவிட்டு அழுத்தச் சொல்லுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது வேறு, ரீசெட் வேறு. அந்த ஓட்டையை அழுத்திப் பிடித்தால் கம்பெனிக்காரர்கள் உள்ளே பதிந்து வைத்த யூசர் நேம், நீங்கள் வைத்த வைஃபை பெயர் எல்லாம் அழிந்துபோக வாய்ப்பு அதிகம். அந்தப் பையன் வந்து லைனை ஒட்டின பிறகும் நெட் வராது. ஒரு கோளாறு ரெண்டாகிவிடும்.

சிவப்பு இல்லை, எல்லாம் பச்சை, டிவியும் ஓடுகிறது, கேமரா மட்டும் வரவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள். இதில் முக்கால்வாசி கரண்ட் போய் வந்ததன் விளைவு. கரண்ட் வந்ததும் கேமரா சட்டென்று முழித்துவிடும். ரௌட்டர் முழித்து லைனைப் பிடிக்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். அதற்குள் சில மலிவு ரகக் கேமராவும் பல்பும் நாலு தடவை தேடிப் பார்த்துவிட்டுச் சோர்ந்து உட்கார்ந்துவிடும். ரௌட்டரில் பச்சை வந்தபிறகு கேமராவின் பிளக்கை மட்டும் எடுத்து மாட்டினால் போதும். இதை அம்மாவுக்கு ஒரு தடவை கையைப் பிடித்துச் செய்து காட்டினால், ஆயுசுக்கும் அவர் செய்வார். போனில் சொன்னால் வராது.

ரௌட்டருக்கென்றே சின்ன யூ.பி.எஸ். விற்கிறார்கள், அது நல்ல முதலீடு. வாங்குவதற்கு முன் ரௌட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், ஆனால் 9 வோல்டும் உண்டு. ரௌட்டர் மட்டும் உயிரோடு இருந்து கேமரா செத்துக் கிடந்தால் பயனில்லை, கேமராவுக்கும் சேர்த்து யோசியுங்கள். கிராமத்தில் இன்னொரு எமன் நியூட்ரல் கட். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டில் 400 வரை ஏறும். அன்றைக்கு ரௌட்டர், கேமரா, டிவி எல்லாம் ஒன்றாகப் புகையும். அதற்கு யூ.பி.எஸ். காப்பாற்றாது. மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ் கட் பண்ணுகிற சாமானை நல்ல எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டணும்.

அடுத்தது பட்டணத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்தும் ஊரில் மறந்துபோகிற விஷயம். இப்போது வருகிற ரௌட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று ரெண்டு அலையில் ஓடும். ஐந்து வேகமானது, ஆனால் சுவர் தாண்டத் திணறும். இரண்டு புள்ளி நாலு மெதுவானது, தூரம் போகும். மலிவு கேமரா, பல்பு, பிளக் எல்லாம் பெரும்பாலும் இந்த மெதுவானதில் மட்டும்தான் சேரும். ரெண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், சேர்க்கிற நேரத்தில் போன் ஐந்தில் நிற்க, கேமரா இன்னொன்றில் தேட, ரெண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் அரை நாள் போகும். 2.4-க்குத் தனிப் பெயர் வைத்துவிட்டால் அந்தப் பாடு இல்லை.

நெட் கம்பெனியை மாற்றும்போது, புது ரௌட்டரிலும் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் வைத்துவிடுங்கள். வீட்டில் இருக்கிற பெரும்பாலான சாமான்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த ஒன்றைச் செய்யாததால், மாசம் நூறு ரூபாய் மிச்சம் என்று கம்பெனி மாற்றி, ஏணி ஏறி ஒவ்வொரு கேமராவாக மறுபடி சேர்த்த வீடுகள் எங்கள் ஊரில் உண்டு.

பழைய வீடுகளின் ஒன்றரை அடி மண் சுவரும், முன்னால் போட்ட தகர ஷீட்டும் அலைக்கு எதிரிகள். மாட்டுக் கட்டுத்தறிக்கும் மோட்டார் ரூமுக்கும் வீட்டு வைஃபை எட்டவே எட்டாது. லேன் ஒயர் 100 மீட்டர் வரை போகும், சுமார் 330 அடி. ஆனால் அது காப்பர். சித்திரை மாசத்து இடிக்குத் திறந்தவெளியில் இழுத்த காப்பர் ஒயர் வழியாக ரெண்டு முனையில் உள்ள சாமானும் போய்விடும். செலவு கொஞ்சம் கூடினாலும் அந்த இடத்துக்கு ஃபைபர்தான் சரி.

இப்போது கணக்கு விஷயத்துக்கு வருகிறேன், இங்கேதான் எனக்குக் கோபம். கேமராவை முதலில் யார் போனில் சேர்த்தார்களோ அவர்தான் பல ஆப்களில் அதற்கு முதலாளி. மற்றவர்களுக்கு அவர் பங்கு கொடுக்கலாம், அவ்வளவுதான். அவர் கணக்கிலிருந்து நீக்காமல் வேறொருவர் அதைச் சேர்க்கவே முடியாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியப்பா வீட்டில் இதுதான் நடந்தது. மகன் அமெரிக்கா போய் நம்பர் மாறியது. ஆப் வெளியே தள்ளிவிட்டது, ஓ.டி.பி. பழைய நம்பருக்குப் போகிறது. பக்கத்து ஊர் கேமரா கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஓனர் ஐடி வேணுங்க, இல்லீனா ஒண்ணும் பண்ண முடியாது" என்று போய்விட்டார். ஓனர் யார்? வீட்டு வரி, கரண்ட் பில், நெட் பில் எல்லாம் கட்டுகிற பெரியப்பா இல்லை. கேமரா இன்னும் ஆசாரத்தில் இருக்கிறது. குருவி கூடு கட்டப் பார்க்கிறது.

மோட்டாரைப் போனில் போடுகிற ஸ்டார்ட்டரிலும் இதே கதை. அதில் ஒரு சிம் இருக்கும். கூப்பிட்டால் மோட்டார் ஓடும், மறுபடி கூப்பிட்டால் நிற்கும். ராத்திரி பாம்பு பூச்சிக்குப் பயந்து கிணற்று மேட்டுக்குப் போகவேண்டியதில்லை, கும்பிட்டு வாங்கவேண்டிய சாமான். அந்தச் சிம் மகன் பெயரில், ரீசார்ஜ் மகன் கையில். அவர் மறந்தால் ஒருநாள் கால் போகாது. அப்பா ஸ்டார்ட்டர் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார், அவர் கழற்றிக்கொண்டு போவார். நாலு நாள் தண்ணி இல்லாமல் வெங்காயம் வாடும். இன்னொன்று, பழைய மாடல்கள் 2ஜி மட்டும்தான் பிடிக்கும். 2ஜியே இல்லாத கம்பெனி சிம்மைப் போட்டுவிட்டு டவர் இல்லை என்று திட்டுவதில் பொருளில்லை.

கடைசியாக, எந்த யூடியூப் வீடியோவிலும் சொல்லாத ஒரு கோளாறு. அம்மாவே பிளக்கைப் பிடுங்கிவிடுவது. ஆசாரத்துக் கேமராவில் மைக் இருக்கிறது. சாயங்காலம் வெங்காயம் ஆய்ந்துகொண்டு நாலு வீட்டுக் கதை பேசுகிற இடம் அது. "உங்க பையன் கேட்டுட்டு இருப்பாப்ல" என்று ஒருத்தி சொன்னால், அடுத்த நாளிலிருந்து யாரும் வரமாட்டார்கள். தோட்டத்தில் தனியாக இருக்கிற பெண்ணுக்குப் பக்கத்துச் சாளைக்காரிகள் வந்துபோவது கேமராவைவிடப் பெரிய காவல். அம்மா பிளக்கை எடுப்பார், கேட்டால் "கரண்ட் இல்ல கண்ணு" என்பார். இதற்கு ரௌட்டரை மாற்றிப் பயனில்லை. கேமராவை வாசலுக்கும் களத்துக்கும் திருப்புங்க, மைக்கை ஆப்பிலேயே அணைத்துவிடுங்க, அணைத்ததை அம்மாவிடம் காட்டுங்க. இடி மின்னல் நேரத்தில் பிடுங்கினால் திட்டாதீர்கள், அது சரியான காரியம்.

அடுத்த முறை வரும்போது ஒரு நாள் இதற்கென்று ஒதுக்குங்கள். அப்பா நம்பரில், அப்பா போனில் கணக்குத் தொடங்கி, உங்களுக்கு நீங்களே பங்கு வாங்கிக்கொள்ளுங்கள். கேமராவுக்குள் மெமரி கார்டு போட்டுவிட்டால், நெட் இல்லாவிட்டாலும் கரண்ட் இருக்கிறவரை பதிவாகும். டப்பாவில் பழைய பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் மாற்றிவிடுங்கள். மெயின் சுவிட்சை ஆஃப் செய்து, ஐந்து நிமிஷம் கழித்துப் போட்டு, நீங்கள் ஒன்றும் சொல்லாமல் அம்மாவும் அப்பாவும் எல்லாவற்றையும் மீட்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம் ஒரு அட்டையில் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, லைன் பையன் நம்பர், ஸ்டார்ட்டர் சிம் நம்பர், அதன் ரீசார்ஜ் தேதி எல்லாம் தமிழில் எழுதி பீரோவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். பாஸ்வேர்டை மட்டும் இங்கிலீஷில், பெரிய எழுத்து சின்ன எழுத்து தெரிகிற மாதிரி, கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்குப் பெரிசாக.