நானூறு கிலோமீட்டரும் மூன்று கிலோமீட்டரும்

2019 ஏப்ரல் 16. மக்களவைத் தேர்தலுக்கு ஒரு வாரமே இருந்தது. ஆயினும் அன்று கேரளம் சில மணி நேரம் தேர்தலை மறந்திருந்தது. பிறந்து 15 நாட்களே ஆன ஒரு குழந்தை, கடுமையான இதயக் கோளாறுடன் மங்களூரிலிருந்து ஆம்புலன்சில் தெற்கு நோக்கிக் கொண்டு வரப்பட்டது. பெற்றோர் காசர்கோடு மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். போய்ச் சேர வேண்டிய இடம் திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரா மருத்துவ நிலையம். ஏறத்தாழ 600 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைப் பிஞ்சு இதயம் தாங்குமா என்ற அச்சம் எழுந்தபோது, அன்றைய சுகாதார அமைச்சர் கே.கே.சைலஜா தலையிட்டார். வழியிலேயே, கொச்சி அமிர்தா மருத்துவமனையில் சிகிச்சைக்கு ஏற்பாடாயிற்று. செலவை ‘ஹிருத்யம்’ திட்டத்தின் கீழ் அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது.

காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு, திருச்சூர் என்று ஊர்தோறும் இளைஞர்கள் சாலையில் இறங்கி வாகனங்களை ஒதுக்கினர். 400 கிலோமீட்டரை ஆம்புலன்ஸ் சுமார் ஐந்தரை மணி நேரத்தில் கடந்தது. இரண்டு நாட்களில் அறுவை சிகிச்சை முடிந்தது. அந்த நேரத்திலும் குழந்தையின் பெற்றோர் எந்த மதத்தவர் என்று தேடிப் பார்த்து, முகநூலில் இழிமொழி எழுதிய ஒருவர் மீது காவல்துறை வழக்குப் பதிய வேண்டியிருந்தது. வெயிலில் நின்று வழிவிட்டவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

அடுத்த மாதமே இன்னொரு நிகழ்வு. மலப்புரம் மாவட்டத்தில், சகோதரிக்குப் பிறந்த குழந்தைக்கு இதயக் கோளாறு என்று மருத்துவர்கள் சொல்லிவிட, செய்வதறியாத இளைஞர் ஒருவர், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு குறித்து அமைச்சர் இட்டிருந்த முகநூல் பதிவின் கீழே உதவி கேட்டு எழுதினார். அமைச்சர் அங்கேயே பதில் அளித்தார். ஆம்புலன்ஸ் அனுப்பப்பட்டு, குழந்தை எர்ணாகுளம் லிசி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டது. அந்தக் குடும்பத்தின் நிம்மதி நாடெங்கும் செய்தியாயிற்று.

இவை இரண்டும் பெருமைக்குரிய நிகழ்வுகளே. ஆனால் பெருமை எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். அமைச்சரின் பரிவு பாராட்டத்தக்கது; எனினும் பரிவை நம்பி ஒரு மாநிலத்தின் குழந்தைகள் பிறக்க முடியாது. அந்தப் பின்னூட்டம் அமைச்சரின் கண்ணில் படாமல் போயிருந்தால்? அப்போதும் அக்குழந்தைக்கு வழி இருந்தது. ஏனெனில் ‘ஹிருத்யம்’ 2017லேயே தொடங்கப்பட்டிருந்தது. பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தையை இணையத்தில் பதிவு செய்தால், அதன் நிலையை மருத்துவர் குழு மதிப்பிட்டு, எவ்வளவு அவசரம் என்று வகைப்படுத்தி, இடமுள்ள மருத்துவமனைக்கு அனுப்புகிறது. சிகிச்சைக்குக் குடும்பம் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான குழந்தைகள் இதன் மூலம் அறுவை சிகிச்சை பெற்றுள்ளனர்.

இதன் மருத்துவப் பின்னணியைத் தோழர்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவர்களில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இதயத்தில் ஏதேனும் பிறவிக் கோளாறு இருக்கும். கருப்பையில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரல் வேலை செய்வதில்லை. ஆகவே ரத்தம் நுரையீரலைச் சுற்றிக்கொண்டு போக ஒரு சிறு குழாய் இருக்கிறது. பிறந்த சில நாட்களில் அது தானாகவே மூடிக்கொள்ளும். கடுமையான கோளாறுள்ள சில குழந்தைகளுக்கு அந்தக் குழாய்தான் உயிர்நாடி. பிறந்தபோது நன்றாக அழுது, பால் குடித்து, வீட்டுக்கும் வந்துவிட்ட குழந்தை, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ திடீரென நீலம் பாய்ந்து மூச்சுத் திணறுவது இதனால்தான். தாய் அஞ்சுவாள், பாட்டி மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்வாள். வீட்டுக்கு அனுப்பும் முன் குழந்தையின் வலது கையிலும் காலிலும் ஒரு சிறு கருவியை மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்த்தால் இவற்றில் பலவற்றை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். குழாய் மூடாமல் காக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தியபடியே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம். விலையுயர்ந்த அறுவை அரங்குக்கு முன்பே, குழந்தை பிறக்கும் சிறிய மருத்துவமனையில், ஒரு செவிலியரின் கையில் பாதி வெற்றி தீர்மானமாகிறது. கேரளம் இந்தப் பரிசோதனையைப் பிரசவம் நடக்கும் அரசு மருத்துவமனைகளில் வழக்கமாக்கியது. 2023ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்போர் இந்திய அளவில் 25, கேரளத்தில் 5. உத்தரப்பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் இது 37.

ஐந்து என்பது மாநிலத்தின் சராசரி. சராசரிக்குள் மலைகள் தெரிவதில்லை.

2022 டிசம்பரில் ஒரு நள்ளிரவு. பாலக்காடு மாவட்டம், அட்டப்பாடியின் புதூர் ஊராட்சியில் உள்ள கடுகுமண்ணா என்ற குறும்பர் ஊரில் ஒரு கர்ப்பிணிக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் ஊர் வரை வர அதற்குச் சாலை இல்லை. யானை நடமாடும் காட்டுப் பாதையில், துணியைத் தூளியாகக் கட்டி, அதில் அந்தப் பெண்ணைக் கிடத்தி, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் உறவினர்கள் சுமந்து வந்தனர் என்று அன்றைய நாளேடுகள் எழுதின. கோட்டத்தறை அரசு பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையை அடைந்த சிறிது நேரத்தில் பிரசவம் ஆயிற்று. தாயும் சேயும் நலம். அந்தக் குடும்பம் விட்ட பெருமூச்சுக்கும், மங்களூர் ஆம்புலன்ஸ் கொச்சியை அடைந்தபோது காசர்கோட்டுக் குடும்பம் விட்ட பெருமூச்சுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு சாலையில் இருக்கிறது. ஒரு குழந்தைக்காக 400 கிலோமீட்டரை ஒழுங்கு செய்ய முடிந்த மாநிலத்தில், இன்னொரு குழந்தைக்காக மூன்று கிலோமீட்டரை உறவினர்களின் தோள்கள்தான் கடந்தன.

இதற்கு ஓராண்டுக்கு முன்பு, 2021 நவம்பரில், அதே அட்டப்பாடியில் ஒரு வாரத்துக்குள் நான்கு பச்சிளம் குழந்தைகள் இறந்தன. அப்போதும் ஆட்சியில் இருந்தது இடது ஜனநாயக முன்னணிதான். 2013இல் தொடர் சிசு மரணங்கள் நாட்டையே உலுக்கியபோது ஐக்கிய ஜனநாயக முன்னணி ஆட்சி செய்தது. அன்று இடதுசாரிகள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. ஆட்சி மாறியதால் அவை காலாவதியாகிவிடவில்லை.

அட்டப்பாடியில் நெருக்கடி நள்ளிரவில் தொடங்குவதில்லை. தாய்க்கு ரத்தச்சோகை, பலருக்கு அரிவாள் செல் நோய், எடை குறைந்து, மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தை. அதற்கும் பின்னால் நிலம் இருக்கிறது. 1951இல் அட்டப்பாடி மக்களில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. இருளரும் முடுகரும் குறும்பரும் ராகியும் சாமையும் துவரையும் விளைவித்த நிலம் கைமாறியது. கையிழந்த நிலத்தை மீட்டுத் தர 1975இல் கேரளச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதற்கான விதிகள் வர 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் சட்டம் முறையாக நடைமுறைக்கு வரவில்லை. சமூகச் சமையற்கூடங்களும், கர்ப்பிணிகளுக்கான ‘ஜனனி ஜன்ம ரக்ஷா’ உதவித் தொகையும் தேவையானவை. அவை தடையின்றி நடக்க வேண்டும். ஆனால் சொந்த நிலத்தில் விளைந்த உணவின் இடத்தை உதவித் தொகை நிரப்பாது. இங்கே மகப்பேற்று மருத்துவமும் நிலப் போராட்டமும் ஒரே பிரச்சினையின் இரண்டு முனைகள்.

கோட்டத்தறை மருத்துவமனை அந்த மக்களுக்குக் கிடைத்த பெரிய உரிமை. அங்கே சிக்கலான பிரசவமோ நோயுற்ற பச்சிளம் குழந்தையோ கையாளப்பட முடியாதபோது, மன்னார்க்காடு மலைப்பாதையில் இறங்கிப் பாலக்காட்டுக்கோ திருச்சூருக்கோ போக வேண்டும். அல்லது ஆனைகட்டி வழியாகக் கோவைக்குப் போக வேண்டும். கோவை மிக அருகில். குழந்தைக்கு மாநில எல்லை தெரியாது; மருத்துவமனையின் பதிவேட்டுக்குத் தெரியும்.

இடுக்கியில் கதை இன்னும் கரடுமுரடானது. ரயில் பாதையே இல்லாத மாவட்டம். தேயிலைத் தோட்ட லயங்களில் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருவோரில் பெரும்பாலோர் தமிழர்கள். மூணாறிலிருந்து கொச்சிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் மலைச் சாலை. மழைக்காலத்தில் அது திறந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடி லயங்களின் மீது மலை சரிந்து 70 பேர் மாண்டபோது, தகவல் வெளியே வரவே விடிய வேண்டியிருந்தது. பெரியவாரைப் பாலம் பழுதாகி மீட்பு வாகனங்கள் திணறின. அந்தப் பெட்டிமுடியிலிருந்து காட்டுக்குள் போனால் இடமலைக்குடி. 2010இல் அமைந்த, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி, முதுவர்களின் நிலம். அங்கே மூங்கில் கட்டில்தான் இன்னும் பல குடிகளுக்கு ஆம்புலன்ஸ். 2025 ஆகஸ்டில் காய்ச்சல் கண்ட ஐந்து வயதுச் சிறுவனை மாங்குளம் வரை காட்டு வழியே சுமந்து வந்தும் காப்பாற்ற முடியவில்லை. உடலையும் அதே வழியில் சுமந்தே திரும்பினார்கள்.

தமிழகத்திலிருந்து இதைப் படிப்போர் கேரளத்தை நோக்கி மட்டும் விரல் நீட்ட இடமில்லை. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, பாதி வழியில் ஆம்புலன்சிலிருந்து இறக்கிவிடப்பட்ட தாய் கையில் ஏந்தி மலையேறியதை மறந்துவிட முடியாது.

ஒன்றிய அரசு தன் பங்குக்கு என்ன செய்தது? ஆரோக்கிய மையங்களின் வாசலில் ‘ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்’ என்று பெயர் எழுதவில்லை என்பதற்காகத் தேசிய சுகாதார இயக்கத்தின் நிதியைக் கேரளத்துக்கு நிறுத்தி வைத்தது. பச்சிளம் குழந்தையின் தொட்டிலுக்கு வர வேண்டிய பணத்துக்குப் பெயர்ப் பலகை நிபந்தனை! இதை எதிர்த்துப் போராடுவது கடமை. ஆனால் கடுகுமண்ணாவின் பாதைக்கு இந்தப் பதிலைச் சொல்லித் தப்பிக்கவும் கூடாது. வனத்துறையின் அனுமதி, பழங்குடித் துறையின் கோப்பு, ஊராட்சியின் நிதி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றதற்கு டில்லி முழுக் காரணம் அல்ல. வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராமசபையின் பரிந்துரையோடு சாலை, மருத்துவமனை, அங்கன்வாடி போன்றவற்றுக்கு ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தைப் பயன்படுத்த 2006லேயே வழி திறந்துவிட்டது.

‘ஹிருத்யம்’ திட்டத்திலும் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைகளில் கணிசமான பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடக்கிறது. அரசு பணம் கட்டுகிறது. அவசரத்தில் இது தேவையாக இருந்தது. கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையிலும் இத்தகைய சிகிச்சை வளர்ந்திருப்பதே சரியான திசை. அது மலையடிவாரம் வரை வர வேண்டும்: இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரிக்கும் பாலக்காட்டுக்கும்.

மலையில் கட்சி செய்ய வேண்டிய வேலை தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் லயத்திலும் பிரசவ நாள் நெருங்கும் பெண்கள் யார், அவர்கள் தங்கக் கோட்டத்தறை, அடிமாலி மருத்துவமனைகளின் அருகில் இடம் உண்டா, வாகனம் எதுவரை வரும் என்ற கணக்கு ஆஷா ஊழியரிடம் மட்டுமின்றி ஊராட்சியின் மேசையிலும் இருக்க வேண்டும். கோட்டத்தறையில் குழந்தை மருத்துவர் 24 மணி நேரமும் இருக்கிறாரா, அந்த இதயக் குழாய்க்கான மருந்து கையிருப்பில் உள்ளதா, சூடு குறையாமல் பச்சிளம் குழந்தையைக் கொண்டு செல்லும் பெட்டி ஆம்புலன்சில் உள்ளதா என்று மாதந்தோறும் கேட்க வேண்டும். கோவைத் தோழர்களுக்கும் இதில் பங்கு உண்டு: அட்டப்பாடியிலிருந்து வரும் குழந்தை கோவை அரசு மருத்துவமனையின் வாசலில் காகிதத்துக்காகக் காத்திராதபடி, இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் எழுத்துப்பூர்வமான ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை எல்லையின் இரு புறமும் ஒரே நாளில் எழுப்பலாம். ஆனைகட்டியில் அதற்கு மேடை போட இடம் இருக்கிறது.