சரிகை கற்பிக்கும் இரசாயனம்

1869-ஆம் ஆண்டில் ருஷிய அறிஞர் மெண்டலீவ் வெளியிட்ட ஆவர்த்தன அட்டவணையை நம் மாணாக்கர் மனப்பாடஞ் செய்வதில் வல்லவர். ஒரு தொகுதியில் மேலிருந்து கீழே செல்லுந்தோறும் உலோகங்களின் குணங்கள் ஒழுங்காக மாறும் என எழுதித் தேர்ச்சியும் பெறுவர். அது பாதி உண்மையே என்பதும், எஞ்சியதைக் காஞ்சியின் தறிகளே கற்பிக்கும் என்பதும் எமது கருத்து.

காஞ்சிப் பட்டின் சரிகையை நோக்குக. செம்பு கலந்த வெள்ளியைக் கம்பியாக இழுத்துத் தட்டையாக்கிப் பட்டிழையின்மேற் சுற்றிப் பொன்முலாம் பூசுகின்றனர். செம்பு, வெள்ளி, பொன் என்னும் இம்மூன்றும் அட்டவணையின் 11-ஆம் தொகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பவை. இவற்றின் படிக அமைப்பும் ஒன்றே. அணு அடுக்குகள் எளிதில் வழுக்கி நகர்தலின், மூன்றும் இழுக்க நீளும், தட்ட விரியும். இது குடும்ப ஒற்றுமை.

இனி வேற்றுமையைக் காண்போம். ஒரே பருமனுள்ள நீரினும் செம்பு ஏறத்தாழ 9 மடங்கும், வெள்ளி 10.5 மடங்கும், பொன் 19.3 மடங்கும் கனமுடையன. பொன்னிடத்து இத்துணைப் பெரிய ஏற்றம் யாது காரணம்பற்றியது? கீழே செல்லச் செல்ல அணு பருத்தல் இயல்பு. ஆயினும் பொன்னுக்குமுன் லாந்தனைடு மூலகங்கள் இடைப்புகுதலாலும், கனத்த அணுக்கருவைச் சுற்றும் எலெக்ட்ரான்களின் பெருவேகத்தாலும் பொன்னணு சுருங்கி, வெள்ளியணுவின் அளவிலேயே நிற்கின்றது. நிறையோ ஏறக்குறைய இருமடங்கு. உருகுநிலை செம்புக்கு 1085, வெள்ளிக்கு 962, பொன்னுக்கு 1064 பாகை செண்டிகிரேடு. அஃதாவது இறங்கிப் பின் ஏறுகின்றது. மின்சாரத்தைக் கடத்துவதிலும் நடுநின்ற வெள்ளியே முதன்மையுடையது. ஆதலின் போக்கை மட்டும் கற்றல் போதாது. அது பிறழுமிடத்தையும், பிறழுங் காரணத்தையும் கற்றல் வேண்டும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. வெள்ளியில்லாப் போலிச் சரிகையும் பொன்போல் மின்னி விற்கப்படுகின்றது. அதனால் வாங்குவோர் ஏமாறுவதோடு, நேர்மையாக நெய்வோரின் பிழைப்பும் கெடுகின்றது. நெசவாளர் இல்லத்துப் பிள்ளை அட்டவணையை ஒப்பித்தும், தன் வீட்டுச் சரிகையின் மெய்ம்மையை அறியமாட்டாதிருத்தல் கல்விக்குப் பெருமையாகுமா?

கலாசாலை ஆய்வுக்கூடத்திற்கு ஒரு சாண் சரிகை வந்தாற் போதும். பட்டிழை நீக்கிய தகட்டை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இளஞ்சூட்டிற் கரைத்துச் சிறிது உப்புநீர் சேர்த்தால், வெண்மையான வீழ்படிவு வெள்ளியைக் காட்டும். கரைசலின் நீலநிறம் செம்பைக் காட்டும். காஞ்சியைச் சூழ்ந்த கலாசாலைகளேனும் ஆவர்த்தன அட்டவணைப் பாடத்தை இச்சோதனையோடு தொடங்குதல் நலம். ஆசிரியப் பெருமக்கள் இதனைக் கருதுவாராக.