டிரம் மிக்ஸரும் மூணு கொட்டேஷனும்

"எத்தனை எச்.பி. சார்? என்ன ரேட்டு?"

டிரம்முக்கு மிக்ஸர் வாங்கக் கிளம்பறவங்க கேக்கறது இந்த ரெண்டே கேள்விதான். டிரம்முக்குள்ள என்ன இருக்குன்னு விக்கறவரும் கேக்கறதில்ல, வாங்கறவரும் சொல்றதில்ல. கடன் குடுக்கற வங்கிக்காரங்களான நாங்க அதைப் பத்தி நினைக்கறதுகூட இல்ல. இந்தக் கூத்தைத் திட்டத்தான் இன்னிக்கு உக்காந்திருக்கேன்.

இது நமக்கு எதுக்குய்யான்னு நினைக்காதீங்க. வாபி, அங்கலேஷ்வர்னு தெற்கு குஜராத் பூரா ஜி.ஐ.டி.சி. எஸ்டேட்டுங்க. பெயிண்ட், இங்க், ரெசின், பசை, சாயம்னு எல்லாமே 200 லிட்டர் டிரம்முல வந்து டிரம்முலயே போகுது. அந்த டிரம் பக்கத்துல நிக்கறவங்கள்ல நம்ம ஊர் டிப்ளமோ பசங்க எத்தனை பேர்! அஞ்சாறு வருஷம் சூப்பர்வைசரா இருந்துட்டுச் சொந்தமா ஷெட் போடறவங்களும் நம்மள்ல உண்டு. அவங்க மெஷினரி லோனுக்கு வர்ற இடம் என் மேஜை.

பி.காம். படிச்சவனுக்கு மிக்ஸர் பத்தி என்ன தெரியும்? நியாயமான கேள்வி. ஆனா மெஷின் வாங்கி ஆறே மாசத்துல அது மூலையில துருப்பிடிச்சுக் கிடக்க, வட்டி மட்டும் ஓடிக்கிட்டு இருக்கற கணக்கை வருஷக்கணக்காப் பாத்தா, பி.காமுக்கும் கொஞ்சம் கெமிக்கல் இஞ்சினியரிங் வந்துடும் :-)

முதல்ல இந்த எச்.பி. மாயை. பெரிய மோட்டார், வேகமான மோட்டார், நல்லாக் கலக்கும்னு ஒரு நம்பிக்கை. தண்ணி மாதிரி இளக்கமான சரக்குன்னா 200 லிட்டர் டிரம்முக்குக் கால் எச்.பி., அரை எச்.பி.யே பெரும்பாலும் போதும். 1440 ஆர்.பி.எம்.ல நேரடியாச் சுத்தற சின்ன இறக்கை வேலையை முடிச்சிடும். அதையே கெட்டியான ரெசின்ல விட்டா? இறக்கையைச் சுத்தி இருக்கறது மட்டும் சுத்தும், ஓரத்துல இருக்கறது அசையாது. அங்க வேணுங்கறது கியர் போட்டு 350 ஆர்.பி.எம். பக்கம் இறக்கின வேகமும் அகலமான இறக்கையும். தண்ணியோட பிசுக்கு 1 சென்டிபாய்ஸ். இந்த ஊர்ல விளையற ஆமணக்கோட எண்ணெய்க்குப் பல நூறு, தேனுக்கு ஆயிரக்கணக்குல. இதுக்கெல்லாம் ஒரே மெஷின்னு விக்கறவரை என்ன சொல்ல?

இன்னொரு கணக்கு. இளக்கமான திரவத்துல வேகத்தை ரெண்டு மடங்காக்கினா மோட்டார் இழுக்கற சக்தி ரெண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். அந்தச் சக்தி நுரையா, சூடாத்தான் வெளிய வரும். அக்ரிலிக் எமல்ஷன்னா அதிவேகத்துல திரிஞ்சே போகும், பால் திரியற மாதிரி. டிரம்முக்கு நட்டநடுவுல செங்குத்தா ஷாஃப்டை நிறுத்தினாலும் இதே கதைதான். நடுவுல சுழல் விழுந்து காத்தை உள்ள இழுக்கும், அடியில இருக்கற வண்டல் அங்கயே கிடக்கும். கொஞ்சம் ஓரமா, சாய்ச்சு வைக்கணும். இதுக்குக் காசு செலவே இல்ல, சொல்லத்தான் ஆள் இல்ல.

அடுத்து டிரம்மோட வாய். மேல்மூடி முழுசாத் திறக்கற டிரம்முன்னா விளிம்புல கிளாம்ப் போட்டு மாட்டற மிக்ஸர் சரி. மூடின டிரம்முல இருக்கறது ரெண்டு அங்குலத் துளை ஒண்ணு, முக்கால் அங்குலத் துளை ஒண்ணு. அந்த ரெண்டு அங்குலத்துக்குள்ள மடிச்சு இறக்கி, சுத்த ஆரம்பிச்சதும் விரியற இறக்கை இருக்கு. டிரம்மைத் திறக்க வேண்டாம், ஆவியும் வெளிய வராது. இது தெரியாம உளியை வெச்சு மேல்தகட்டை வெட்டற ஷெட்டுங்க இன்னும் இருக்கு. சால்வென்ட் இருந்த டிரம்முல உளியும் சுத்தியலும்! காலி டிரம்முன்னாலும் உள்ள ஆவி இருக்கும். அது வெடிகுண்டு மாதிரி.

இப்ப என்னைக் கொதிக்க வைக்கற விஷயத்துக்கு வரேன்.

போன வருஷம் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போன ஒரு யூனிட்ல டொலுயீன் கலந்த சரக்கை ஒரு பையன் கலக்கிக்கிட்டு இருந்தான். கையில சுவத்துல ஓட்டை போடற சாதாரண டிரில் மெஷின், நுனியில பெயிண்ட் கலக்கற கம்பி. பேச்சுல ராஜபாளையம் பக்கம்னு தெரிஞ்சுது. "தம்பி, இது தீப்பொறி அடிக்கும்லப்பா"ன்னேன். "தெரியும் சார், பழகிப்போச்சு. மிக்ஸருக்குச் சொல்லிருக்காங்க, கொட்டேஷன் வரணும்"னான்.

டொலுயீனோட ஃபிளாஷ் பாயின்ட் 4 டிகிரி செல்சியஸ். அதாவது நம்ம ஊர் மார்கழிக் குளிர்லகூட அதோட ஆவி பத்திக்கறதுக்குத் தயாராத்தான் இருக்கும். அந்த டிரில்லுக்குள்ள இருக்கற கார்பன் பிரஷ் ஓடற நேரமெல்லாம் பொறி விடும். ரெண்டுக்கும் நடுவுல இருந்த தூரம் அந்தப் பையனோட கை நீளம். இவ்வளவுக்கும் அவன் காத்துக்கிட்டு இருந்த கொட்டேஷன்ல என்ன இருந்துது? சாதாரண மோட்டார். ஃபிளேம்ப்ரூஃப் மோட்டாருக்கு விலை ஜாஸ்தின்னு முதல் சுத்துலயே அடிச்சிட்டாங்க.

இங்கதான் எங்க ஆளுங்களையும் சேத்துத் திட்டறேன். மூணு கொட்டேஷன் வாங்கு, ஒப்பீட்டுப் பட்டியல் போடு, குறைஞ்ச விலைக்குக் கடன் குடு. பட்டியல்ல என்ன காலம் இருக்கு? மேக், எச்.பி., விலை, டெலிவரி. "எரியற சரக்கா?"ன்னு ஒரு காலம் கிடையாது. சாதாரண மோட்டாரையும் ஃபிளேம்ப்ரூஃப் மோட்டாரையும் பக்கத்துல பக்கத்துல எழுதி, இது மலிவுன்னு டிக் அடிக்கறதுக்குப் பேரு ஒப்பீடா? வெல்லத்தையும் களிமண்ணையும் எடை போட்டு எது மலிவுன்னு பாக்கற கதை.

"சின்ன யூனிட், காசுக்கு எங்க போறது?" உடனே வர்ற பதில் இதுதான். சரி, கணக்கே போடுவோம். சரக்கு லிட்டர் 150 ரூபாய்னு வெச்சுக்குவோம். சரியாக் கலங்காம டிரம்முக்கு 10 லிட்டர் அடியில கட்டியா நின்னா 1,500 ரூபாய் போச்சு. நாளைக்கு ரெண்டு டிரம், மாசம் 25 நாள்: 75,000 ரூபாய். மேலாக்க இருக்கற சரக்குல நிறமி கம்மியாகி பார்ட்டி திருப்பி அனுப்பறது இதுல சேரல. நல்ல மிக்ஸருக்குக் கூடக் குடுக்கற காசு எத்தனை மாசத்துல திரும்பும்னு நீங்களே வகுத்துப் பாருங்க. மனுஷ உயிரை நான் இந்தக் கணக்குல சேக்கவே இல்ல, சேக்கவும் மாட்டேன்.

கொட்டேஷன் கேக்கறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் தாள்ல இதை எழுதிட்டுப் போங்க:

1. என்ன சரக்கு, எவ்வளவு பிசுக்கு, அடியில வண்டல் நிக்குமா?

2. எரியுமா? ஆமான்னா, பெஸோ அங்கீகாரம் இருக்கற, அந்த ஆவியோட கேஸ் குரூப்புக்குப் பொருந்தற ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார். மோட்டார் மட்டும் போதாது, ஸ்விட்சும் கேபிள் நுழையற இடமும் அதே தரத்துல இருக்கணும். இல்லன்னா காத்துல ஓடற மோட்டார். அது திணறினா நின்னுடும், எரியாது. ஆனா கம்ப்ரஸரோட கரண்ட் பில்லையும் கணக்குல சேருங்க, அது லேசுப்பட்டதில்ல. கம்ப்ரஸரை ஆவி வராத இடத்துல வைங்க.

3. டிரம் இரும்பா, பிளாஸ்டிக்கா? இரும்புன்னா டிரம், மிக்ஸர் ரெண்டுக்கும் எர்த் கிளாம்ப். பிளாஸ்டிக் டிரம்முக்கு எர்த் பண்ணவே முடியாது, அதுல டொலுயீன் மாதிரி சரக்கைக் கலக்காதீங்க.

4. வாய் திறந்ததா, துளை மட்டுமா?

5. ஷாஃப்ட் எந்த உலோகம்? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா எதுக்கும் சரின்னு இல்ல. ஹைட்ரோகுளோரிக் அமிலம் 316 கிரேடையும் தின்னுடும்.

இந்த அஞ்சுக்கும் பதில் குடுத்து மூணு பேர்கிட்ட விலை கேளுங்க. அப்ப வர்ற மூணும் ஒரே பொருளோட விலையா இருக்கும். அதுல குறைஞ்சதை எடுங்க, யார் வேணாம்னது? வங்கியில "ஏன் விலை ஜாஸ்தி?"ன்னு மடக்கினா இந்தத் தாளையே நீட்டுங்க. எழுத்துல காரணம் இருந்தா எந்த ஆபீசரும் தைரியமாக் கையெழுத்துப் போடுவார். எங்களுக்கு வேணுங்கறது ஃபைல்ல ஒரு தாள், அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் பையனை வேலைக்கு அனுப்பியிருக்கற அப்பா அம்மாவுக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை போன்ல "சாப்பிட்டியா, சம்பளம் வந்துச்சா"ன்னு கேக்கறீங்கல்ல, கூடவே "டிரம்மை எதை வெச்சுப்பா கலக்கறே"ன்னும் கேளுங்க. டிரில் மெஷின்னோ மூங்கில் கம்புன்னோ சொன்னான்னா, முதலாளிகிட்ட எழுத்துல கேக்கச் சொல்லுங்க. கேட்டும் மாத்தலேன்னா வேற வேலை பாக்கச் சொல்லுங்க. எஸ்டேட்ல வேலைக்கா பஞ்சம்?